டம்ளர் கட்டிய வில்

வருஷத்தில் ஒரு நாள் சொரிமுத்துதான் சுடலைமாடன். மிச்ச நாளெல்லாம் தாராவித் தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் ஊறும் தோலைக் கொக்கி போட்டு இழுத்து, மரத்திண்டில் விரித்து, மழுங்கல் கத்தியால் மயிர் வழிக்கிறவன். விரல்களைச் சுண்ணாம்பு தின்று ரேகை போய்விட்டது. சம்பளம் தருகிற பகார் நாளில் கைநாட்டு வைத்தால் தாளில் வெறும் மை அப்பும். கிளார்க் தலையில் அடித்துக்கொள்வான். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கை ஜன்னல் பக்கம் கொண்டுபோவார்கள். இதையெல்லாம் அவன் ஒரு குறையாக நினைத்ததில்லை. அந்த ஒரு நாள் இருந்தது.

அந்த ஒரு நாளில் அந்தக் கைதான் திருநீறு போடும். பலசரக்குக் கடை காசிராஜன், கோயில் கமிட்டிக்குத் தலைவர், சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவன் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுவார். மறுநாள் சீனி வாங்கப் போனால் அதே காசிராஜன், “கொஞ்சம் தள்ளி நில்லும் வே, வாடை அடிக்கி” என்பார். சொரிமுத்து தள்ளி நிற்பான். விழுந்த முதுகு அவன் கண்ணில் இருக்கும்.

கோயில் என்பது ஓடைக்கரையில் சாந்து பூசிய ஒரு பீடம். முதலில் பம்பாய்க்கு வந்தவர்கள் ஊர்ச் சுடலை காலடியிலிருந்து பிடிமண் கொண்டுவந்து வைத்துக் கட்டியது. பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு இன்னொரு பீடம், மாடனுக்குத் தாயான பேராச்சி. மாடனுக்குத்தான் ஆட்டம், பூ, கிடா எல்லாம். பேராச்சிக்கு ஒரு மாலையும் ஒரு விளக்கும் உண்டு. அவளுக்கு ஆடுகிறவர் யாரும் கிடையாது.

கோயில் திருவிழாவான கொடை சித்திரை மாதம். ஊரில் செவ்வாய்க்கிழமையும் நடுச்சாமமும் ஆகிவந்தது. இங்கே லீவு கிடைக்கிறபடி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று மாறிப்போயிற்று. சாமி அதற்குச் சம்மதித்துவிட்டது. ஒன்றுக்கு மட்டும் சம்மதிக்கவில்லை. மேளம் அடித்தாலும் பம்பை அடித்தாலும் அது வராது, வில்லுக்குத்தான் வரும். அதற்காக வருஷா வருஷம் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வில்லுப்பாட்டுக் கூட்டம் வில்லும் குடமுமாக ரயிலேறி வரும். சொரிமுத்துவுக்கு மீசை அரும்பிய காலத்தில், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தவனை மாடன் பிடித்துக்கொண்டது அப்படி ஒரு வில்லில்தான். என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. முழிப்பு வந்தபோது கையில் வல்லயம் என்கிற சாமி ஈட்டி இருந்தது, காலடியில் சனம் கிடந்தது. மற்றவர்கள் சொன்னார்கள், நீ இப்படி ஆடினாய், இப்படிக் குதித்தாய், இன்னாரைப் பார்த்து இன்னது சொன்னாய் என்று. ஒவ்வொரு வருஷமும் மற்றவர்கள் சொல்லித்தான் அவனுக்குத் தன் ஆட்டம் தெரியும்.

அறுபத்து நாலாம் வருஷம், கூட்டத்தை நடத்துகிற வள்ளியூர் அண்ணாவிக்குத் தொண்டையில் ஏதோ வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். கூட்டம் வரவில்லை என்று சேதி வந்தது. காசிராஜன் கடை வாசலில் எல்லோரும் கூடினார்கள்.

“இந்த வருசம் மேளத்த வச்சி ஒப்பேத்திருவோம்” என்றார் காசிராஜன்.

“மேளத்துக்கு நம்ம சாமி வராது அண்ணாச்சி” என்றான் சொரிமுத்து. “வில்லு இல்லன்னா நான் காப்புக் கட்டலை.”

சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டான். இனிக் கெஞ்சுவார்கள் என்று இருந்தது அவனுக்கு. கெஞ்சட்டும், ரெண்டு நாள் கழித்து மனசு இறங்கலாம்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “வில்லுதான? செஞ்சிருவோம்.”

சுயம்பு. சந்து முனையில் சாக்கை விரித்து ஸ்டவ் ரிப்பேர் பார்க்கிறவன். சொரிமுத்துவைவிட நாலைந்து வயசு இளையவன். பர்னரைப் பற்றவைத்து ஒருபக்கமாகத் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டே இது பிச்சம்மாள் வீட்டு ஸ்டவ், இது டீக்கடை ஸ்டவ் என்று சொல்லுவான். ஊரில் அவனுடைய மாமன் கூட்டத்தில் இடது பக்கம் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடியவனாம். இத்தனை வருஷமாக அதை யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

“எத வச்சி வே செய்வீரு? ஸ்டவ்வ வச்சியா?” என்றார் காசிராஜன்.

“ஸ்டவ்வ வச்சா சாமிக்கு மண்ணெண்ண வாடை அடிக்கும். நீங்க பொறவு அதையும் தள்ளி நிக்கச் சொல்லுவீக.”

கூட்டம் சிரித்தது. காசிராஜனும் சிரித்தார். சொரிமுத்து சிரிக்கவில்லை. தன்னுடைய வாடையை வைத்து இன்னொருத்தன் சிரிப்பு வாங்கிக்கொண்டு போகிறான். அதைவிட, வில் இல்லாவிட்டால் காப்புக் கட்ட மாட்டேன் என்று அவன் சொன்னதற்கு யாருமே பதில் சொல்லவில்லை. அது காரியமில்லாத பேச்சாகி வெற்றிலைச் சாற்றோடு அவன் வாயிலேயே கிடந்தது.

*

இரண்டு நாள் கழித்துச் சொரிமுத்து வேலை முடிந்து வந்து உட்கார்ந்தான். பேராச்சி டீயை ஒரு கண்ணாடிக் கிளாஸில் கொடுத்தாள். அவன் பெண்டாட்டி பெயரும் பேராச்சிதான். அவர்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பேராச்சி.

“ஏளா, என் டம்ளர் எங்க?”

“சுயம்பு வந்தாக. வில்லுக்கு மணி கட்டணுமாம். வீட்டுக்கொரு பித்தள டம்ளர் கேட்டாக. குடுத்தேன்.”

“வீட்டுக்கொண்ணுன்னா ஒன் டம்ளரைக் குடுக்க வேண்டியதான?”

“எனக்கு ஏது டம்ளர்? நான் செம்புலல்லா குடிக்கேன்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் எதில் குடிக்கிறாள் என்று அவன் பார்த்ததில்லை. அதற்கு வெட்கப்பட வேண்டிய நேரம் இதுவல்ல என்று அவனுக்குத் தோன்றியது.

“அதுல என் பேரு வெட்டியிருக்கு.”

“இருந்தா என்ன? எங்கய்யா வெட்டிக் குடுத்த பேருதான. சாமி காரியத்துக்குப் போவட்டும்.”

“அடியில ஓட்ட போடுவானே.”

“ஓட்ட போட்டாத்தான தொங்கும்.”

கிளாஸ் கையைச் சுட்டது. மாமனார் சீரோடு வந்த டம்ளர் அது. வாய்ப்பக்கம் ஒரு நெளிவு. எவனோ ரயிலில் மிதித்தது. வயிற்றில் புள்ளி புள்ளியாகச் சொரிமுத்து என்று வெட்டியிருக்கும். இப்போது அது சுயம்பு வில்லில் தலைகீழாகத் தொங்கும், நடுவில் நாக்குப் போல ஒரு இரும்பு நட்டைக் கட்டி ஆட்டிக்கொண்டு. சுயம்பு கோலைத் தூக்கி அடிக்கிற போதெல்லாம் அவன் பேர் ஆடும்.

மறுநாள் சந்து முனை வழியாகத்தான் வேலைக்குப் போனான். வழக்கமாக அந்த வழி சுற்று. பிச்சம்மாள் வீட்டில் துணி காயப்போடும் நீள மூங்கிலைச் சுயம்பு வாங்கி ஸ்டவ் தீயில் வாட்டிக்கொண்டிருந்தான். மூங்கிலின் பச்சை வாசம் வந்தது. சுற்றிலும் பெண்கள். ஒருத்தி இரண்டு மெல்லிய பூரிக்கட்டை கொண்டுவந்து கொடுத்தாள், நாணில் அடிக்கிற வீசுகோலுக்கு ஆகுமா என்று. ஆகும் என்றான். சந்து முழுக்க யார் வீட்டு எந்தச் சாமான் வில்லில் எங்கே உட்காரும் என்பதுதான் பேச்சு. போன வருஷம் இதே நாட்களில் சொரிமுத்து என்ன சாப்பிடுகிறான், விரதம் எப்போது தொடங்குவான் என்று கேட்டவர்கள் இவர்கள்தான்.

சாயங்காலம் படீர் என்று ஒரு சத்தம். வாசலில் நின்றவன் காதில் விழுந்தது. நாண் பூட்டி வளைக்கும்போது மூங்கில் ஒடிந்து சுயம்புவின் கன்னத்தில் அடித்துவிட்டதாம். சொரிமுத்து டீயை நிதானமாகக் குடித்தான். அன்றைக்குக் கிளாஸ் டீயும் ருசியாக இருந்தது. குடித்துவிட்டுத் துக்கம் விசாரிக்கப் போனான்.

“அடடா, காயமா வே? மூங்கிலு எங்கன வில்லாவும். நம்ம பக்கம் பனை வைரத்துலல்லா செய்வான்.”

“ஆமா அண்ணாச்சி” என்றான் சுயம்பு. கன்னம் வீங்கியிருந்தது. ஒடிந்த இடத்தில் மூங்கில் நார் நாராகப் பிரிந்து கிடந்ததை விரலால் வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது மட்டும்தான் சொரிமுத்துவிடம் இருந்தது.

அடுத்த நாள் மூங்கிலைப் பிளாச்சுப் பிளாச்சாகக் கிழித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றிவிட்டான். ஒற்றை மூங்கில் ஒடிந்தது, கற்றையாகச் சேர்ந்தது வளைந்தது. நாணுக்குப் பிச்சம்மாளின் ஓடாத தையல் மெஷினிலிருந்து தோல் வார். நீளம் போதாமல் இன்னொரு வாரையும் கம்பிக் கொக்கி போட்டு இணைத்திருந்தான். கோல் பட்டதும் கொக்கி கரகரத்தது. கள் குடித்த தொண்டை போல ஒரு கரகரப்பு. அதை எடுக்க முயன்று, பிறகு காது கொடுத்துக் கேட்டு, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டான். இதெல்லாம் சொரிமுத்துவுக்குப் பேராச்சி சொன்னது.

“நம்ம டம்ளர் மூணாவதாக் கெடக்கு” என்றாள் சோறு போடும்போது. “மத்ததெல்லாம் கிணுங்குன்னு கேக்கு. நம்மளது மட்டும் மொக்கையா, டொக்குன்னு. வாயி நெளிஞ்சிருக்குல்லா. ஆனா அது இல்லாட்டா நல்லா இருக்காதுங்காக சுயம்பு.”

“நீ எப்பம் போயிக் கேட்ட?”

“தண்ணிக்குப் போம்போது.”

தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம் இல்லை. சொரிமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவள் அவன் ஆட்டத்தைப் பற்றி இப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. ஆடி முடித்து வந்தால் காலைக் கழுவத் தண்ணீர் ஊற்றுவாள், அவ்வளவுதான்.

*

அந்த வாரம் சுயம்புவே வீட்டுக்கு வந்தான். மண்ணெண்ணெய் ஊற்றுகிற தகரப் புனல்கள் இரண்டை மூக்கும் மூக்கும் சேர்த்துப் பற்றவைத்து உடுக்கு செய்திருந்தான். இரண்டு பக்கமும் தோல் போர்த்த வேண்டும்.

“அண்ணாச்சி, வெள்ளாட்டுத் தோல்ல மெல்லிசா ரெண்டு துண்டு. ஓரத்துக் கழிவு போதும்.”

“அதுக்கென்ன வே, நாளைக்கே தாரேன்.”

“மயினி, குடிக்கத் தண்ணி தாங்க.” பேராச்சி செம்பில் கொடுத்தாள். அவளுடைய செம்பு. சுயம்பு அண்ணாந்து குடித்தான். சொரிமுத்து அவன் தொண்டைக் குழி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் தோல்ஷாப்பில் வெள்ளாட்டுக் கழிவும் இருந்தது, செம்மறிக் கழிவும் இருந்தது. மயிர் வழித்த பிறகு இரண்டும் வெளியாளுக்கு ஒன்றுதான். கை வைத்தால் சொரிமுத்துவுக்குத் தெரியும். வெள்ளாட்டுத் தோல் நெருக்கம். இழுத்துக் கட்டினால் கணீர் என்று நிற்கும். செம்மறி பொதபொதவென்று இருக்கும். ரெண்டு தட்டுத் தட்டினால் தொய்ந்துபோகும். செம்மறியில் நல்ல வழவழப்பான துண்டாகப் பார்த்துச் சுண்ணாம்பு போகக் கழுவி, இலையில் சுற்றி, சாமிக்குக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தான். சுயம்பு கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

உடுக்கு கட்டி முடித்த அன்று சொரிமுத்து வேண்டுமென்றே எதிரில் போய் நின்றான். தட்டினால் பொத்தென்று விழுந்தது. சுயம்பு முகம் சுருங்கியது. ஸ்டவ்வைப் பற்றவைத்துத் தோலைத் தீக்குமேல் காட்டினான். திரும்பத் தட்டினான். முதலில் விறைத்துப் பேசியது, பிறகு தோல் மெல்லத் தொய்யத் தொய்யச் சத்தம் இறங்கி இறங்கி ஒரு முனகலாக நீண்டது.

“பொம்பள அழுவுத மாதிரி இருக்கே” என்றாள் பிச்சம்மாள்.

“சுடுகாட்டுச் சாமிக்கு வேற என்ன வேணும் மயினி?” சுயம்பு இன்னொரு தரம் சூடு காட்டித் தட்டினான். அழுகை வந்தது. “வெள்ளாட்டுத் தோல் நாய்க்குட்டி மாதிரி வள்ளுவள்ளுங்கும். இது என்னமோ பண்ணுது. அண்ணாச்சி கைராசி.”

எல்லோரும் சொரிமுத்துவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் பல்லைக் காட்டினான். கெடுக்கக் கொடுத்ததை எடுத்து ஒருத்தன் அலங்காரம் பண்ணிக்கொண்டால் அவனை என்ன செய்வது.

பந்தல் கால் நாட்டிக் காப்புக் கட்டியாயிற்று. இனி கொடை வரை சொரிமுத்து கோயிலடியிலேயே கிடக்க வேண்டும், ஒரு வேளைப் பச்சரிசிச் சோறு. பீடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது சந்து முனையிலிருந்து வில்லும் உடுக்கும் ஒத்திகை பார்க்கிற சத்தம் காற்றில் வந்தது. தின்னக் கொடுக்க வந்த பேராச்சி பாத்திரத்தை வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். சுயம்பு ஸ்டவ்வுக்குச் சாய்க்கிற அதே பக்கம்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வில் நல்லதா கெட்டதா என்று யார் சொல்ல வேண்டும்? காசிராஜன் இல்லை, பிச்சம்மாள் இல்லை. மாடன் வந்தால் வில், வராவிட்டால் துணி காயப்போடுகிற மூங்கில். மாடன் எதன் வழியாக வரும்? இந்த உடம்பு வழியாக. வாசல் என்னுடையது. நான் அடைத்துக்கொண்டால்?

சாமியை நிறுத்த முடியும் என்று அதுவரை அவன் நினைத்துப் பார்த்ததில்லை. நினைத்தபோது பீடத்தில் சாய்ந்திருந்த முதுகு சில்லிட்டது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டான். ஆனால் எண்ணத்தை விடவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெயில் தகரக் கூரைகளில் பட்டுக் கண் கூசியது. பந்தல் நிறையச் சனம், கோவண்டியிலிருந்தும் பாண்டுப்பிலிருந்தும்கூட வந்திருந்தார்கள். டம்ளர் வில்லைப் பார்க்க வந்தவர்கள் அதில் பாதி. சொரிமுத்து இடுப்பில் மணி தைத்த சல்லடம் கட்டி, தலையில் குல்லாய் வைத்து, கையில் வல்லயத்தோடு பீடத்துக்கு முன்னால் நின்றான்.

சுயம்பு குடத்தின் கழுத்தில் வில்லைக் கட்டி உட்கார்ந்தான். மூங்கில் முழுக்கச் சிவப்புத் துணி சுற்றி, அடியில் வரிசையாக டம்ளர்கள். வீடு வீடாகப் பேர் வெட்டிய டம்ளர்கள். குடத்துக்கும் உடுக்குக்கும் இரண்டு பேரைப் பழக்கி வைத்திருந்தான். வில்லுக்குத் திருநீறு பூசி, கும்பிட்டு, பூரிக்கட்டைகளைத் தூக்கி நாணில் போட்டான்.

சொரிமுத்து காலடியில் ஒரு கூர்க்கல்லை முன்னமே பார்த்து வைத்திருந்தான். பெருவிரலை அதில் அழுத்தினான். மனசைத் தோல்ஷாப்புக்குக் கொண்டுபோனான். தொட்டி, கொக்கி, திண்டு, கத்தி. தொட்டி, கொக்கி, திண்டு, கத்தி.

அப்போது ஒன்று நடந்தது. அவனுக்கு வில் கேட்டது.

இத்தனை வருஷமும் முதல் அடி விழுந்ததோடு அவன் இல்லாமல் போய்விடுவான். வில்லுப்பாட்டை அவன் கேட்டதே இல்லை. இப்போது நாணின் கரகரப்பு, அதன் கீழே குடத்தின் பொம்மல், மேலே டம்ளர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணுகிணுத்து ஓடுவது, அந்த ஓட்டத்தில் கல்லில் கால் இடறுவதுபோல மூன்றாவதில் ஒரு டொக். பின்னாலேயே உடுக்கின் அழுகை. சுயம்புவின் குரல் இவற்றுக்கு நடுவில் வழி தெரிந்தவன்போல நடந்து போயிற்று. நன்றாக இருந்தது. வள்ளியூர்க்காரனைவிட நன்றாக இருக்குமோ என்னவோ, அவனுக்குத் தெரிய வழியில்லை. கேட்கிற எவனுக்கும் மயிர் சிலிர்க்கும் என்பது மட்டும் தெரிந்தது. அவன் பெருவிரலை இன்னும் அழுத்தினான்.

மாடன் பிறந்து வளர்ந்து சுடுகாட்டுக்குப் போகிற இடத்துக்குப் பாட்டு வந்தது. வழக்கமாக அங்கேதான் வரும். பெண்கள் குலவையிட்டார்கள். சொரிமுத்து வேலித்தூண்போல நின்றான். சுயம்பு அந்த அடியைத் திருப்பிப் பாடினான். இன்னொரு தரம். வேகத்தைக் கூட்டினான். கழுத்து நரம்பு புடைத்தது. வியர்வை வழிந்து பூரிக்கட்டை கையில் வழுக்கியது. திரும்பவும் அதே அடி.

காசிராஜன் பக்கத்து ஆள் காதில் சொன்னது சொரிமுத்துவுக்கே கேட்டது. “டம்ளரத் தட்டுனா டீ வரும் வே, சாமியா வரும்?”

அந்த வார்த்தையை அவன் பாலும் பழமுமாக வாங்கிக்கொண்டான். சுயம்பு தலையைத் தூக்கி அவனைப் பார்த்தான். கண்ணில் கெஞ்சல் இருந்தது. கடை வாசலில் கிடைக்காத கெஞ்சல். சொரிமுத்து அவன் தலைக்கு மேலே, பந்தல் ஓலையைப் பார்த்தான்.

பெண்கள் பக்கம் சலசலத்தது. ஒருத்தி எழுந்திருந்தாள். தலைமுடி அவிழ்ந்து தோளில் விழுந்தது. கூட்டம் விலகியது. பேராச்சி, அவன் பெண்டாட்டி, மூச்சு சீறிக்கொண்டு நேராக நடந்து வந்தாள். சின்னப் பீடத்தில் கிடந்த ஒற்றை மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். வில் நிற்கவில்லை. அவள் சொரிமுத்துவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“எம்புள்ள நடையில வந்து நிக்கான்” என்றாள். அடித்தொண்டையிலிருந்து வந்த குரல், சத்தம் உயராத குரல். “குறுக்க நிக்கவன் எவன்ல?”

அந்தச் சந்தில் எந்தப் பெண்ணும் புருஷனை ‘ல’ போட்டுப் பேசியதில்லை. மாடனின் தாயைத் தவிர வேறு யாருக்கும் அதற்கு வாய் வராது. சனம் அப்படியே கையெடுத்துக் கும்பிட்டது.

“வழி விடுதியா, வல்லயத்தத் தாரியா?”

அவள் கை வல்லயத்தின் தண்டில் விழுந்தது. டீ கொடுக்கிற கை. இழுத்தாள். பிடி இரும்பாக இருந்தது. சொரிமுத்து அவள் கண்ணுக்குள் பார்த்தான். உள்ளே இருப்பது எந்தப் பேராச்சி என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனை அறிந்தவள் ஒருத்தி என்பது மட்டும் தெரிந்தது. வல்லயம் கையை விட்டுப் போனால் அந்த ஒரு நாள் போயிற்று. பிறகு எல்லா நாளும் தோல்ஷாப்பு.

அவன் குதித்தான்.

ஹோ என்று கூவிக்கொண்டு குதித்தான். எப்படி ஆட வேண்டும் என்று வருஷா வருஷம் கேட்டிருக்கிறான் அல்லவா. வலது காலைத் தூக்கி மூன்று எட்டு வைப்பாய் என்றிருக்கிறார்கள், வைத்தான். தலையைச் சிலுப்பிப் பல்லைக் கடிப்பாய் என்றிருக்கிறார்கள், கடித்தான். வல்லயத்தைச் சுழற்றினான். சல்லடத்தின் மணிகள் வில்லோடு சேர்ந்து விழ வேண்டும். அதற்குக் காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டு, சுயம்பு அடித்த ஒவ்வொரு அடிக்கும் காலைக் கொண்டுபோய் வைத்தான். மூன்றாவது டம்ளர் விழுந்தபோதெல்லாம் அவன் பாதமும் விழுந்தது. சுயம்பு வில்லில் ஆட்டினான், அவன் ஆடினான். கூட்டத்தில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காசிராஜன் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்து விழுந்தார். அந்த முதுகு அவனுக்கு அன்று வெறும் முதுகாக இருந்தது, வியர்க்குரு நிறைந்த முதுகு.

“சாமி, இந்த வில்ல ஏத்துக்கிட்டியா?” என்று காசிராஜன் தரையில் கிடந்தபடியே கேட்டார். “குத்தம் குறையிருந்தா சொல்லிரு. அடுத்த வருசம் வள்ளியூர்லேருந்தே கூட்டியாந்திருதோம்.”

வில் நின்றது. எல்லா முகமும் அவனைப் பார்த்தன. ஒரு வார்த்தைதான். இது எனக்கு ஆகாது என்றால் முடிந்தது. மூங்கில் பிச்சம்மாள் வீட்டுக்குப் போகும், டம்ளர் அவன் வீட்டுக்கு வரும். வாயைத் திறந்தான். தோளுக்குப் பக்கத்தில் மூச்சு சீறிக்கொண்டிருந்தது. மாலை போட்ட பேராச்சி நகரவில்லை. சிமிட்டாமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏத்துக்கிட்டேன்” என்றான் சொரிமுத்து. “இனி இதாம் எனக்கு வில்லு.”

குலவை எழுந்தது. சுயம்பு வில்லைத் தாண்டி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். சொரிமுத்து ரேகையில்லாத விரலால் அவன் நெற்றியில் திருநீறு பூசினான். ஸ்டவ் கரியும் வியர்வையும் விரலில் ஒட்டிக்கொண்டன.

*

வள்ளியூர் அண்ணாவி பிறகு குணமாகிவிட்டார். ஆனாலும் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. சாமி வாக்கு. செம்பூரில், பாண்டுப்பில் கொடை என்றாலும் சுயம்புவைத்தான் தேடி வந்தார்கள். ஸ்டவ்வுக்குக் காத்திருப்பவர்கள் திரும்பிப் போனார்கள். சொரிமுத்து வருஷா வருஷம் காப்புக் கட்டி நின்றான். சில வருஷம் வந்தது, சில வருஷம் வரவில்லை. எந்த வருஷம் எது என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. டம்ளர் சத்தம் கேட்டால் வரவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் கேட்டது. தோல்ஷாப்பில் கத்தி பிடிக்க முடியாமல் விரல்கள் மரத்துப்போகிற வரை இப்படியே நின்றான்.

அந்த அறுபத்து நாலாம் வருஷக் கொடை அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது பேராச்சி தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஈரத்தோடு கொண்டை போட்டு, படைத்த கிடாக் கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவன் காலைக் கழுவத் தண்ணீர் எடுத்து ஊற்றினாள். பெருவிரலில் ரத்தம் கன்றியிருந்தது. பார்த்தாள். அந்த விரலில் மட்டும் இன்னொரு தரம் ஊற்றினாள்.

“ஏளா” என்றான். “அங்கன என்ன சொன்னன்னு ஞாபகம் இருக்கா?”

“எங்கன?”

“கோயில்ல.”

“எனக்கு ஒண்ணும் தெரியலயே. பிச்சம்மாதான் சொன்னா, நான் ஆடினேன்னு. ஒங்களைப் பாத்து என்னமோ கேட்டனாமே.”

இத்தனை வருஷம் அவன் மற்றவர்களிடம் சொன்ன அதே வார்த்தைகள். அவன் அவள் முகத்தையே பார்த்தான். வெங்காயத்துக்குக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது, வேறு தடயம் இல்லை. நிஜமாகவே வந்திருந்தால், எத்தனையோ கொடையில் ஆளில்லாமல் கிடந்த சின்னப் பீடத்துச் சாமி அவளைத் தேடி வந்திருக்கிறது, சுயம்புவின் வில்லில். அவனிடம் வராமல். வராமல் நடித்திருந்தால், அவனைவிட நன்றாக நடித்திருக்கிறாள். இரண்டில் எது என்றாலும் அவனுக்குத் தாங்கவில்லை.

“ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?” என்றாள் அவள், அரிவதை நிறுத்தாமல்.

“எனக்கு எப்பிடி இருக்கும்” என்றான்.

அவள் எழுந்து டீயை ஆற்றிக் கண்ணாடிக் கிளாஸில் அவனுக்குக் கொடுத்தாள். மீதியைச் செம்பில் ஊற்றிக்கொண்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் இல்லாமல் அவள் குடிப்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாய் குடித்துவிட்டு, தெருவைப் பார்த்தபடி, செம்பின் வயிற்றில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்கே தெரியுமோ தெரியாதோ. மூன்றாவது தட்டு மட்டும் மொக்கையாக விழுந்தது.